முக்கோணப் பூங்காவில் என் சம்பந்தி

என் சம்பந்தி "போயிட்டு வாரனுங்க" என்று சொன்னால் உடனே எழுந்துவிடக் கூடாது. அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது இது. கிளம்பப் போகிறார் என்பதற்கு அது முதல் அறிவிப்பு மட்டும்தான். கூடத்தில் சொல்வார். வாசற்படியில் நின்று சொல்வார். செருப்பை மாட்டிய பிறகு, ஏதோ மறந்தவரைப் போல நிமிர்ந்து மறுபடி சொல்வார். கேட்டுக்கு வெளியே போய், கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து, "அப்ப நான் வாரனுங்க சம்மந்தி" என்பார். அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு புதுப் பேச்சு தொடங்கியிருக்கும். அந்தப் பேச்சு முடிய இன்னொரு காப்பி வேண்டியிருக்கும். என் மனைவி உயிரோடு இருந்தவரை, அவர் முதல் முறை சொன்னதுமே அடுப்பில் மறுபடி பாலை வைத்துவிடுவாள்.

அவர் மகளை என் மகனுக்குக் கொடுத்திருந்தார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பும் மாடுகளும் உள்ள குடும்பம். நான் துடியலூரில் இருக்கிறேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் என்னைச் சம்மந்தி என்பார், நானும் அவரைச் சம்பந்தி என்பேன். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதனால் இங்கும் பெயர் வேண்டாம்.

தொலைபேசியில் இன்னும் மோசம். விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு, "வெச்சர்றனுங்க" என்பார். "சரிங்க" என்பேன். "நீங்க வையுங்க" என்பார். "இல்லைங்க, நீங்க வையுங்க" என்று மரியாதைக்குச் சொல்வேன். அந்த மரியாதைதான் நான் செய்யும் தவறு. "அதெப்பிடிங்க, நீங்க பெரியவங்க" என்று தொடங்கிவிடுவார். எங்களுக்கு ஒரே வயது.

பேருந்தில் வந்தால் உக்கடத்தில் இறங்கும்போது நடத்துநரிடம் சொல்லிக்கொள்வார். பிறகு முன்பக்கம் நடந்து போய் ஓட்டுநரிடமும் சொல்லிக்கொள்வார். ஒருமுறை நான் உடன் இருந்தேன். ஓட்டுநர், "ஏனுங்கய்யா, பின்னால பத்து பஸ் ஆரன் அடிக்குதுங்க" என்றார். "அடிக்கட்டுமுங்க, அவங்களுக்கு அவசரம். உங்ககிட்டச் சொல்லாம எறங்கிட்டா நல்லா இருக்குமுங்களா?" என்றார் இவர்.

எதற்காக இப்படி என்று ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பதில் கையிலேயே இருந்தது.

"சொல்லாம வந்துட்டா அவங்க நம்மளத் தேடிட்டே இருப்பாங்களேங்க."

"பஸ் டிரைவர் எதுக்குங்க உங்களைத் தேடறாரு?"

"தேட மாட்டாருங்க. ஆனா தேடுனா?"

இதற்கு மேல் வாதம் செய்ய வரலாறு எனக்கு உதவவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு எழவு வீடு எவ்வளவு பெரிய சோதனை என்று நினைத்துப் பாருங்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். ஊருக்கெல்லாம் இருக்கும் வழக்கம்தான். மற்றவர்களுக்கு அது ஒரு வசதி. இவருக்கு மூச்சு முட்டும். எழுந்திருப்பார், உட்காருவார், துண்டை உதறுவார், செருப்பு விடும் இடத்தில் நின்று இருமுவார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். துக்க வீட்டை விட்டு வாய் திறக்காமல் வெளியே வருவார். பக்கத்தில் இருக்கும் பேக்கரிக்கு நேராகப் போவார். எங்கள் பக்கத்தில் பேக்கரி இல்லாத தெருவே கிடையாது. அங்கே டீ போடுகிறவரைப் பார்த்து, துக்க வீடு வரைக்கும் கேட்கும் குரலில், "அப்ப நான் போயிட்டு வாரனுங்க!" என்பார். டீ குடிக்காத ஆள் எதற்காகச் சொல்லிக்கொண்டு போகிறார் என்று புரியாமல் டீ மாஸ்டர் முழிப்பார். சம்பந்தி நிம்மதியாக பஸ் ஏறுவார்.

என் மனைவி காலமான பிறகு, மகனும் மருமகளும் என்னையும் சம்பந்தி வீட்டாரையும் ஒசாகாவுக்கு அழைத்தார்கள். மகனுக்கு அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. அவனும் மருமகளும் ஜப்பானில் இருக்க, இங்கே நான் தனியாகத் தோசை சுட்டுக் கருக்கிக்கொண்டிருந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. சம்பந்தியின் மனைவி, மாடுகளை யார் பார்ப்பது என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஆகவே நாங்கள் இருவர் மட்டும்.

அவர் கிணத்துக்கடவிலிருந்து கிளம்பிய கதையைத் தனியாக எழுத வேண்டும். மாடுகளிடம் சொல்லிக்கொண்டார், வீட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் சொல்லிக்கொண்டார், தேங்காய் போட மரத்தின் உச்சியில் இருந்தவரைக் கீழே இறங்கச் சொல்லி அவரிடமும் சொல்லிக்கொண்டார். விமானம் எங்களுக்காகக் காத்திருந்ததாக அவர் பிறகு எல்லாரிடமும் சொன்னார். காத்திருக்கவில்லை. ஓடினோம்.

அவர் ஜப்பானுக்கு வந்ததுதான் வினை. நான் அந்த நாட்டைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஆனால் அங்கே கடைக்காரர்கள் வாடிக்கையாளரை வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, அவர் கண்ணிலிருந்து மறையும் வரை குனிந்து நிற்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. சம்பந்திக்கு முதல் நாளே உறைத்துவிட்டது. ஒரு சின்னக் குடைக் கடையிலிருந்து வெளியே வந்தோம். கடைக்கார அம்மாள் வாசலில் நின்று குனிந்தாள். இவர் கைகூப்பி, "வாரனுங்க" என்றார். நான்கு அடி போய்த் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் நின்றிருந்தாள். இவர் திரும்பவும் கைகூப்பினார். அவள் திரும்பவும் குனிந்தாள். தெருமுனை போய் எட்டிப் பார்த்தார். நின்றிருந்தாள். பாவம், அவளுக்கு உள்ளே போக வேண்டும். இவர் மறைந்தால்தான் போக முடியும். இவருக்கு நடக்க வேண்டும். அவள் உள்ளே போனால்தான் நடக்க முடியும்.

"நம்ம சனமுங்க சம்மந்தி" என்றார் கண் கலங்கி. "எந்தக் காலத்துலயோ இங்க குடி வந்திருக்குதுங்க."

மகனின் அடுக்குமாடியில் மின்தூக்கிக்கு ஒரு பெண்குரல் உண்டு. கதவு திறக்கும்போது ஏதோ சொல்லும். அதனிடமும் சொல்லிக்கொண்டுதான் இறங்குவார்.

நான் ஒசாகாவுக்குப் போனதில் எனக்கு ஒரு சொந்தக் காரியம் இருந்தது. கோவையில் ஒரு பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நகரின் நடுவே அமெரிக்கமுரா என்று ஒரு பேட்டை இருக்கிறது. முரா என்றால் கிராமம். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய துணிகளும் இசைத்தட்டுகளும் விற்ற கடைகளால் வந்த பெயர் என்கிறார்கள். இன்று அது இளைஞர்களின் ராஜ்ஜியம். சுவர்களிலும் கடை ஷட்டர்களிலும் ஓவியங்கள். அதைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும், ஓய்வு பெற்ற பேராசிரியர் இப்படியும் எழுதுவார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு.

மருமகள் அலுவலகம் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "மாமா, அப்பாவெ உட்டுப்போட்டு எங்கயும் போயிறாதீங்க. அவரு போன் ஊட்டை உட்டு வெளிய போனா வேலை செய்யாதுங்க. அட்ரஸ் சொல்லவும் தெரியாது. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்."

"நான் இருக்கேன் அம்மணி" என்றேன்.

அமெரிக்கமுராவில் சம்பந்தி காலெடுத்து வைத்ததும் கேட்டார்: "கிராமம்னீங்க, ஒரு மாட்டையும் காணமேங்க?" வெள்ளை வேட்டி, அதன் மேல் மருமகள் பின்னிய சிவப்பு ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, காலுறை போட்ட காலில் செருப்பு. கோவையில் அப்படி ஒருவர் போனால் சளி பிடித்திருக்கிறது என்று நினைப்பார்கள். அங்கே ரோஜா நிறத் தலையும் கிளிப்பச்சைத் தலையுமாக நின்றிருந்த பிள்ளைகள் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். ஒரு பெண் வேட்டியைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டாள். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கிறாள் என எனக்குப் புரிந்தது. சம்பந்தி அவளுடைய கிழிந்த ஜீன்ஸ் முழங்காலைப் பார்த்து, "ஏங்கண்ணு, விழுந்துட்டியா?" என்றார். என்னைத் தவிர அங்கே எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது.

ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஒரு பெரிய முகம் வரைந்திருந்தது. வாய் திறந்த முகம், உள்ளே மீன்கள் நீந்தின. நான் குறிப்பெடுத்தேன். சம்பந்தி சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"செவுத்துக்காரருகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க வரைஞ்சாங்க?"

"இது கேட்டிருப்பாங்க. ஆனா அந்தச் சந்துல இருக்கறதெல்லாம் யாரும் பார்க்காதப்ப வந்து வரைஞ்சுட்டுப் போறதுங்க. அதுதான் இந்தக் கலையோட உயிரே" என்று விளக்கினேன்.

"சொல்லாமயேவா?"

"ஆமாங்க."

"அப்பறம் செவுத்துக்காரரு காத்தால வந்து பார்த்தா அவருக்கு எப்பிடிங்க இருக்கும்?" என்றார். அந்தச் சுவர்க்காரருக்காக அவர் முகம் வாடிவிட்டது. கலையின் சுதந்திரம் பற்றி நான் கொஞ்சம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டார். முடித்ததும், "படத்துல குத்தமில்லீங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வரையலாமில்லீங்க" என்றார்.

அன்று நாங்கள் பார்த்தது ஒரே தெரு. இரண்டு பழந்துணிக் கடைகளுக்குள் போனதுதான் காரணம். உள்ளே போனால் வெளியே வர வேண்டும், வெளியே வந்தால் விடைபெற வேண்டும். ஒரு கடையின் பையன் மாடிப்படி இறங்கி வந்து, தெருவில் நின்று குனிந்தான். சம்பந்தி அவனை மாடி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். கட்டுரைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பேட்டையின் நடுவில் முக்கோணமாக ஒரு பூங்கா. பூங்கா என்றால் செடி கொடி தேட வேண்டாம். சிமென்ட் படிகள், படிகள் முழுக்க இளைஞர்கள். எதிரே தள்ளுவண்டியில் ஒரு அம்மாள், குழி குழியாக இருந்த கல்லில் மாவை ஊற்றி, நீளக் கம்பியால் திருப்பித் திருப்பி உருண்டைகள் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பணியாரமுங்க!" என்று சம்பந்தி கத்திவிட்டார்.

ஒன்றை வாயில் போட்டார். மென்றார். நின்றார். மறுபடி மென்றார். உள்ளே ஆக்டோபஸ் துண்டு இருக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"உள்ள என்னமோ ரப்பராட்டம் இருக்குதுங்க" என்றார். கடைக்கார அம்மாள் ஆவலோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கினார். கைகூப்பினார். "ரொம்ப நல்லா இருக்குதுங்கம்மா. வாரனுங்க."

அவள் குனிந்தாள். இவர் குனிந்தார். அவள் இன்னும் கீழே குனிந்தாள். இவர் முதுகு என் பக்கம் இருந்தது. இது இப்போதைக்கு முடியாது என்று எனக்குத் தெரிந்தது. என் கையில் நோட்டு, காலடியில் பார்க்காத தெருக்கள்.

நான் திரும்பி நடந்தேன்.

சீக்கிரம் வந்துவிடலாம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். முதல் சந்தைத் தாண்டியதும் சொல்லிக்கொள்வதையும் நிறுத்திவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன்: மனைவி போன பிறகு நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்த மதியம் வேறு இல்லை. ஷட்டர்களில் புலிகள், கண்ணாடி போட்ட புத்தர்கள், அழுகிற பூனைகள். கம்பங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய ஸ்டிக்கர்கள், மரப்பட்டை போலத் தடித்துக் கிடந்தன. மாடியிலிருந்து டிரம்ஸ் சத்தம். பொம்மைபோல உடுத்திய பெண்கள் தங்களையே படம் எடுத்துக்கொண்டார்கள். சக்கரப் பலகையில் ஒரு பையன் விழுந்தான், எழுந்தான், மறுபடி அதே இடத்தில் விழுந்தான். யாரிடமும் வணக்கம் சொல்லாமல், யாரிடமும் விடைபெறாமல், ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குப் போய்க்கொண்டே இருந்தேன். நோட்டு நிறைந்தது.

பிறகு விளக்குகள் எரிந்தன. அந்தப் பேட்டையின் தெருவிளக்குக் கம்பங்கள் மனித உருவில் செய்தவை. தலை, உடம்பு, விரித்த கைகள். பகலில் வேடிக்கையாக இருந்தன. விளக்கு எரிந்ததும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு யாரையோ தேடுவது போல இருந்தது. ஜப்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாத, போன் வேலை செய்யாத, வீட்டு முகவரி தெரியாத ஒரு கிழவரைத் தெருவில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மருமகளிடம் என்ன சொல்வது?

ஓடினேன். வழி தெரியவில்லை. எல்லாச் சந்திலும் பூனை அழுதது. போனில் வரைபடம் என்னைச் சுற்றிச் சுற்றி ஒரே பல்பொருள் கடைக்குக் கொண்டுபோய் விட்டது. கடைசியில் மூக்கில் வளையம் போட்ட ஒரு பையனை நிறுத்தி, இரண்டு கை விரல்களாலும் முக்கோணம் காட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். வா என்று கையைக் காட்டி முன்னே நடந்தான். பூங்கா தெரியும் வரை கூடவே வந்தான். நான் அவனுக்கு நன்றிகூடச் சொல்லாமல் பாய்ந்தேன்.

படிகளில் ஒரு கூட்டம். நடுவில் சிவப்பு ஸ்வெட்டர். யாரோ கழுத்தில் ஒரு கறுப்புத் துண்டைச் சுற்றிவிட்டிருந்தார்கள். குல்லா கிளிப்பச்சைத் தலைப் பெண்ணின் தலையில் இருந்தது. அவர்கள் ஏன் இவ்வளவு பேர் சேர்ந்து நிற்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளங்கியது. ஒரு பையன் கிளம்புவதற்காக எழுந்தான். சம்பந்தியும் எழுந்தார். "வாரீங்களா தம்பி? பாத்துப் போங்க" என்று கைகூப்பினார். பையன் குனிந்தான். கொஞ்சம் போய்த் திரும்பினான். இவர் நின்றிருந்தார். மறுபடி குனிந்தான். இன்னும் கொஞ்சம் போனான். இவர் நின்றிருந்தார். பையன் தோற்றுப்போய்த் திரும்பி வந்து படியில் உட்கார்ந்துகொண்டான். வந்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். போனவர் ஒருவரும் இல்லை.

ஒரு பையன் வெள்ளை ஸ்டிக்கரில் பேனாவால் படம் வரைந்திருந்தான். வேட்டி, குல்லா, கூப்பிய கை. நான்கே கோடுகளில் சம்பந்தி. அதைப் பக்கத்துக் கம்பத்தில் ஒட்டப் போனான். சம்பந்தி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, பணியாரக்கார அம்மாளின் வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏனுங்கம்மா, இந்தத் தம்பி படத்தை இங்க ஒட்டிக்கட்டுங்களான்னு கேக்குதுங்க."

கொங்குத் தமிழில்தான் கேட்டார். அம்மாள் ஸ்டிக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், குனிந்தாள். அனுமதி வாங்கித் தெரு ஓவியம் வரைந்த அனுபவம் அந்தப் பையனுக்கு முதல் தடவையாக இருந்திருக்கும்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா சம்மந்தி! வாங்க, வாங்க, உக்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நாந்தான் சொன்னனில்லீங்க? எங்க சம்மந்தி சொல்லாம எங்கயும் போற ஆளு இல்லீங்கன்னு" என்றார்.

எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. குத்திக்காட்டுகிறாரா? அவர் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் எனக்கு முகம் பார்க்கத் தெரியாது, புத்தகம்தான் பார்க்கத் தெரியும்.

அன்று ஒவ்வொருவரிடமும் அவர் விடைபெற்று முடிக்கும் வரை நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அத்தனை பேரும் வரிசையாக நின்று குனிந்து, "வாரானுங்கா" என்றார்கள். போகிறவர் சொல்வதை இருக்கிறவர்கள் சொன்னார்கள், ஆனால் அதைத் திருத்தும் நிலையில் நான் இல்லை.

வீட்டில் மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏனுங்க மாமா, இத்தனை நேரம்?" என்றாள்.

"கூட்டத்துல கொஞ்சம் பிரிஞ்சுட்டோம் அம்மணி" என்றேன்.

சம்பந்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நாங்கள் கோவை திரும்பிய பிறகும் அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா? பண்டிகைக்குப் பண்டிகை அவர் எங்கள் கேட்டில் முகத்தை வைத்து, "வாரனுங்க சம்மந்தி" என்னும் போதெல்லாம் இதே கேள்விதான் எனக்குள். கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். அந்த விடைபெறல் நீளமானது, கேட்பதற்கு இடமிருந்தது. துணிவுதான் இல்லை.

கட்டுரை வெளிவந்தது. "யாருடைய துணையுமின்றித் தனியாக அலைந்தால்தான் ஒரு நகரம் நமக்குத் தன்னைக் காட்டும்" என்று அதில் எழுதியிருந்தேன். பலர் பாராட்டினார்கள். சம்பந்தியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பூங்காவில் ஒரு முறை, காகிதத்தில் ஒரு முறை, அவரை விட்டுவிட்டுப் போனேன். பத்திரிகையை அவரிடம் கொடுத்தேன். மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

போன மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

மகனும் மருமகளும் வந்துசேரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். "சொல்லாமப் போயிட்டீங்களே!" என்று பெண்கள் அழுதார்கள். எல்லா எழவு வீட்டிலும் அழுவதுதான். ஆனால் அவர் விஷயத்தில் அது நிஜமான புகாராக இருந்தது. அழுதவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எரித்துவிட்டு வந்த பிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பணியாரக்கார அம்மா வண்டில அப்பா படம் இன்னமும் இருக்குதுங்க மாமா. வெளுத்துப் போச்சு. கிழிக்க மாட்டீங்கறாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் எழுந்தேன். வழக்கப்படி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நான் கிளம்புவது இது இரண்டாவது தடவை. இந்தத் தடவை வழக்கம் என் பக்கம் இருந்தது. அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

என்னை அழைத்து வந்த டாக்ஸி டிரைவர் எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாலையைத் தாண்டிப் போனேன். டீ மாஸ்டர் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"கெளம்பறீங்களாங்க? அப்பச் சொல்லிப்போட்டுப் போங்க" என்றார்.

"யார்கிட்டங்க?"

"அவருகிட்டத்தான். எழவூட்டுல சொல்லக் கூடாதில்லீங்க. அதனால எல்லாரும் இங்க வந்து சொல்லிட்டுப் போறாங்க. காத்தால இருந்து எனக்கு இதே வேலைங்க, டீ ஆத்தவே முடியல." சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"சம்பந்தி."

"அட! ஜப்பான்ல வழி தவறிப் போன சம்மந்தி நீங்கதானுங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"அடிக்கடி சொல்லுவாருங்க. பெரிய படிப்பு படிச்சவரு, பாவம், ஊரு புதுசு, எங்கியோ மாட்டிக்கிட்டாரு. சொல்லாமப் போற ஆளு இல்ல, அப்ப வழி தவறித்தான் இருக்கோணும். திரும்பி வந்து பார்த்து நான் இல்லாட்டி பயந்துக்குவாருன்னு அந்த எடத்தை உட்டு நவுரவே இல்லீனு சொன்னாருங்க. அவரு பொண்ணுக்குத் தெரிஞ்சா மாமனாருக்குக் கவுரவக் கொறச்சலுன்னு அங்க வாயே தொறக்கலயாமாங்க."

இத்தனை வருடங்களாக நான் அவருக்கு முன்னால் குற்றவாளியாக நின்றிருந்தேன். அவர் என்னைத் தொலைந்துபோன பிள்ளையாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"நான் வழி தவறலைங்க" என்றேன். "அவரை விட்டுட்டுப் போனேன். வேணும்னே."

டிரைவர் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தார். டீ மாஸ்டர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார்.

"இருக்கட்டுமுங்க" என்றார். "அவரு சொன்னபடியே இருக்கட்டும். நீங்க சொல்லிப்போட்டுப் போங்க."

நான் அந்த வீட்டைப் பார்த்து நின்றேன். முன்வாசலில் விளக்கு எரிந்தது. அங்கே வரைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தினேன். வகுப்பறையை விட்ட பிறகு அவ்வளவு உரக்கப் பேசியதில்லை.

"போயிட்டு வாரனுங்க சம்மந்தி."

"பாத்துப் போங்க" என்றார் டீ மாஸ்டர், அவர் சார்பில்.

வண்டியில் ஏறினோம். பொள்ளாச்சி ரோட்டின் திருப்பத்தில் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். டீ மாஸ்டர் இன்னும் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.